உறையில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் காசும்: என் பல வருஷ அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே தரச்சான்று பெற்ற பழைய நாணயங்களைப் பல வருஷமாக வாங்கிச் சேர்த்து வருகிறேன். காசைச் சோதித்து, தர எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டு நிறுவனங்களின் உறைகளும் என் அலமாரியில் உண்டு. ஈப்போ ஞாயிறு சந்தையில் உறையில்லாமல் வாங்கியவையும் உண்டு.

உறைக்கென்று கூடுதலாகப் பணம் கொடுப்பது இரண்டு விஷயத்துக்குத்தான்: காசு அசலா, அதை யாராவது தேய்த்துக் கழுவியிருக்கிறார்களா. நம் தோட்டப்புறத்தில் இரண்டாவது கேள்விதான் அதிகம் வருகிறது. தீபாவளிக்கு முன் ஒரு பாட்டி, தன் மாமியார் வைத்திருந்த 1908 எட்வர்டு மன்னர் டாலரை (ஆங்கிலேயர் காலத்து நீரிணைக் குடியேற்ற வெள்ளிக் காசு) கொண்டுவந்து காட்டினார். "புளி போட்டு நல்லா வெளக்கியிருக்கேன் தம்பி, பாரு எப்படி மின்னுது!" என்றார். மேசை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். மன்னரின் கன்னத்திலும் முகத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்திலும் முடியிழை போன்ற கோடுகள், எல்லாம் ஒரே வாட்டத்தில். தேயாத, கழுவாத வெள்ளிக் காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம் போலச் சுழன்று ஓடும். இதில் ஒளி அசையவே இல்லை, மொத்தமும் ஒரே பளபளப்பு. இப்படிப்பட்ட காசைச் சான்றுக்கு அனுப்பினால் தர எண் கிடைக்காது. 'கழுவப்பட்டது' என்ற குறிப்போடு 'டீடெயில்ஸ்', அதாவது குறையுள்ள காசு, என்றுதான் வரும், விலையும் பாதாளத்துக்குப் போய்விடும். பாட்டியிடம் அதைச் சொல்ல மனசு கஷ்டப்பட்டது. விற்காதீங்க பாட்டி, பேத்திக்கு வையுங்க என்றேன்.

அசலா என்பதற்கு எடை நல்ல சாட்சி. 1903, 1904 டாலர் 26.95 கிராம். வெள்ளி விலை ஏறியதால் 1907 முதல் 20.21 கிராமாகச் சிறிதாக்கினார்கள். போலிகளில் பல இங்கேயே மாட்டிக்கொள்ளும். உறைக்குள் இருப்பதைத் தனியாக நிறுக்க முடியாது, அதனால் சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். எண் இருந்தால் மட்டும் போதாது. போலி உறை செய்கிறவர்கள் உண்மையான எண்ணையே அச்சடித்துவிடுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால், அதில் தெரியும் கீறலும் கறையும் கையில் இருக்கும் காசிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படமே இல்லாத பழைய சான்று என்றால், தெரிந்த வியாபாரியிடம் மட்டும் வாங்குவேன்.

இனி அந்தத் தர எண். தரத்தை அளக்கும் ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை. 60ம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. 58க்கும் 62க்கும் இடையே விலை குதிக்கும். ஆனால் 62 என்று போட்ட காசில் மன்னர் முகத்தின் நடுவிலேயே பையில் மற்ற காசோடு உரசிய வெட்டு இருக்கலாம். 58 வாங்கிய காசில் கிரீடத்தின் மேட்டில் மட்டும் லேசான தேய்மானம், மற்ற இடமெல்லாம் உயிரோட்டமாக இருக்கும். நான் எப்போதும் 58ஐத்தான் எடுப்பேன். காசும் மிச்சம், கண்ணுக்கும் நிறைவு.

விலைக்கு, கேட்கும் தொகையைப் பார்க்கவே வேண்டாம். ஏலத்தில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். அதோடு ஏல நிறுவனத்தின் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். "இந்தத் தரத்தில் இத்தனைதான் இருக்கு" என்று வியாபாரி சான்று நிறுவனத்தின் எண்ணிக்கைப் பட்டியலைக் காட்டினால் அவசரப்பட வேண்டாம். உறையை உடைத்து மறுபடி அனுப்பிய காசு அதில் இரண்டு முறை ஏறியிருக்கலாம். நாளைக்கே இன்னொரு மூட்டை சான்றுக்குப் போகவும் செய்யலாம். செம்பருத்தி போட்ட சாதாரண சென் காசுகளுக்கு உறையே வேண்டாம், சான்றுக் கட்டணம் காசின் விலையைத் தாண்டிவிடும்.

நீண்ட நாள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது நம் ஊர் ஈரம். உறை காற்றுப் புகாத பெட்டி இல்லை. மலாயா காலத்து ஒரு சென்ட் சதுரக் காசு போன்ற வெண்கலக் காசுகளைப் பழுப்பு, சிவப்புப்பழுப்பு, சிவப்பு என்று பிரிப்பார்கள். சிவப்புக்குத்தான் அதிக விலை. அதே சிவப்புதான் இந்த மழையில் சீக்கிரம் கருக்கிறது. மூடி இறுக்கமான டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுகிறேன். சிவப்பு என்று சான்று பெற்ற காசிலும் சின்னக் கரும்புள்ளி ஒன்று தெரிந்தால், அந்தப் புள்ளி பரவும் என்று எண்ணி, பழுப்புக் காசின் விலைக்கு மேல் கொடுப்பதில்லை.