அடுப்பு ஒன்று, உண்பவர் நால்வர்: இடைவெளி விரதமும் மத்திய தரைக்கடல் உணவும்

என்னுடைய ஐம்பத்தொன்றாம் வயதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதால் மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. எடையைக் குறைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அப்போது என் எடை 71 கிலோ. கடலூரிலிருந்து ஆல்பேட்டைப் பாலத்தைத் தாண்டி நாள்தோறும் புதுச்சேரிக்குப் பேருந்தில் வேலைக்குப் போய்வருபவள் நான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் 11.4 விழுக்காடு என்றும், புதுச்சேரியில் மட்டும் 26.3 விழுக்காடு என்றும் கணக்கிட்டிருந்தது. ஆகவே என் அலுவலகத்தில் நால்வருக்கு ஒருவரிடம் ஆலோசனை தயாராக இருந்ததில் வியப்பில்லை. அந்த ஆலோசனைகளை வடிகட்டினால் எஞ்சியவை இரண்டு: மணி பார்த்துச் சாப்பிடும் இடைவெளி விரதம் ஒன்று, மத்திய தரைக்கடல் பகுதியின் உணவுமுறை மற்றொன்று. முதலாவதை எட்டு மாதம் கடைப்பிடித்தேன். இரண்டாவதில் இப்போது பதினான்காம் மாதம் நடக்கிறது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

விரதத்தின் நற்குணங்கள் எல்லோரும் அறிந்தவை. காசு செலவில்லை, எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை, எதைச் சாப்பிடலாம் என்று பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நண்பகல் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை உணவு, மற்றப் பதினாறு மணி நேரமும் தண்ணீரும் பால் சேர்க்காத காபியும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட 16:8 முறை. சஷ்டிக்கும் கிருத்திகைக்கும் ஒருபொழுது இருந்து பழகிய எனக்குக் காலைப் பசி மூன்றாம் வாரத்திலேயே அடங்கிவிட்டது. முதல் இரண்டு மாதங்களில் மூன்று கிலோ குறைந்தது, நெஞ்செரிச்சலும் நின்றது. அடுத்த ஆறு மாதங்களில் குறைந்ததோ ஒன்றரைக் கிலோதான். சர்க்கரை 6.0-க்கு இறங்கியது.

எடை ஏன் அப்படி நின்றுபோனது என்பதற்கு ஆய்வுகளே விடை சொல்லிவிட்டன. 2020-இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரம் நடத்திய ஆய்வில், நான் பின்பற்றிய அதே நண்பகல் முதல் இரவு எட்டு வரையிலான முறையில் இருந்தவர்களுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே எடை இறங்கியது. மூன்று வேளையும் வழக்கம்போல் உண்டவர்களுடன் ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் ஒரே அளவில் கலோரியைக் குறைத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் கடிகாரக் கட்டுப்பாட்டையும் சேர்த்தார்கள். கட்டுப்பாடு இருந்தவர்களுக்கு எட்டு கிலோவும் இல்லாதவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. அந்த இடைவெளியையும் புள்ளியியல்படி உறுதியானதாகக் கொள்ள முடியவில்லை. அதாவது, விரதத்தால் இளைப்பவர் பெரும்பாலும் குறைவாகச் சாப்பிடுவதால் இளைக்கிறார். நான் நண்பகலில் பசியோடு அமர்ந்து வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. என் உடம்பு எண்ணியது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. உணவு நேரத்தைப் பகலின் முற்பகுதிக்குத் தள்ளி, பிற்பகல் மூன்று மணிக்குள் கடைசி உணவை முடித்தவர்களுக்கு எடை குறையாமலேயே இன்சுலின் வேலை செய்யும் திறனும் இரத்த அழுத்தமும் சீரடைந்ததாக 2018-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அதில் கலந்துகொண்டவர்கள் எட்டு ஆண்கள் மட்டுமே என்பதையும், மாலை ஆறே முக்காலுக்குப் பேருந்திலிருந்து இறங்கும் ஒருத்திக்குப் பிற்பகல் மூன்று மணி இராச்சாப்பாடு எப்படி வாய்க்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. அந்த முறையை நான் செய்து பார்க்கவில்லை; அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை.

மத்திய தரைக்கடல் உணவு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் உள்ள உணவகங்களின் பாஸ்தாவும் பாலாடைக்கட்டி உருகும் பீட்சாவுமே. உண்மையில் அந்த உணவுமுறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள், 1958-இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் இடம்பெற்ற, கிரேக்க நாட்டின் கிரீட் தீவு உழவர்கள். பருப்பும் பயறும், கீரையும் காயும், தவிடு நீக்காத தானியம், பழம், கொட்டைகள், மிதமாக மீன், அரிதாக ஆட்டிறைச்சி, இவை எல்லாவற்றுக்கும் ஆலிவ் எண்ணெய் என்பதே அதன் அடிப்படை. இதில் இன்னொரு செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கிரேக்கத் திருச்சபையின் முறைப்படி ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள்கள் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்க வேண்டும். நம் வீடுகளில் புரட்டாசியில் நடப்பதை ஆண்டில் பல முறை செய்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே நான் இங்கே எதிரெதிரே நிறுத்தும் இரண்டும் அவர்கள் வீட்டில் ஒரே கூரையின் கீழ்தான் இருந்திருக்கின்றன.

சான்று என்ற வகையில் இந்தப் பக்கம் கனமானது. ஸ்பெயினில் 7447 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வு, இந்த உணவுமுறையில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. 2013-இல் வெளியான அக்கட்டுரை, பங்கேற்பாளர்களைப் பிரித்ததில் குறைகள் இருந்ததால் 2018-இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்குடன் மீண்டும் வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை. நம் நாட்டைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. இந்திய உணவோடு இம்முறையை இணைத்ததாக 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின் நம்பகத்தன்மை குறித்து 2005-இல் அந்த இதழே ஐயம் தெரிவித்துவிட்டது. எனவே கவலை (மத்தி) மீன் குழம்பும் கேழ்வரகுக் களியும் ஸ்பானியர்களுக்குக் கிடைத்த அதே பலனைத் தரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மத்திய தரைக்கடல் உணவோடு சேர்த்துப் பேசப்படும் மதுவைப் பற்றி, புதுச்சேரிக்கு இவ்வளவு அருகில் குடியிருந்துகொண்டு நான் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.

இனி, எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்த ஒன்றுக்கு வருகிறேன். இரண்டில் எதை நாள் தவறாமல் நடத்த முடியும், அதை நடத்தும் பாரத்தை யார் சுமப்பது என்பதே அது.

எங்கள் வீட்டில் என்னையும் சேர்த்து நான்கு பேர். மாமியாருக்கு எழுபத்தாறு வயது, இருபது ஆண்டுச் சர்க்கரை. அவர் போட்டுக்கொள்ளும் கிளிமிபிரைடு மாத்திரை, உணவு தாமதமானால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடியது. அந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. கணவர் கடையை அடைத்துவிட்டு வர ஒன்பது மணியாகும். மகன் கல்லூரி மாணவன். அவனுக்கு எப்போதும் பசி. நான் விரதம் இருந்த எட்டு மாதமும் காலையில் இவர்களுக்கு இட்லி ஊற்றி எடுத்தேன், ஒன்றைக்கூட வாயில் போடாமல். மாலை ஏழு மணிக்கு மீண்டும் அடுப்பைப் பற்றவைத்து, எட்டு மணிக்குள் நின்றபடியே என் பங்கை உண்டு முடித்து, ஒன்பது மணிக்கு மற்றவர்களுக்குப் பரிமாறினேன். “ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சும்மா” என்று மாமியார் ஒரு நாள் சொன்னபோது, அது குறையாக இல்லாமல் கணக்காகவே என் காதில் விழுந்தது. விரதத்தால் வேலை மிச்சம் என்பார்கள். தனியாக வாழ்பவருக்கு அது உண்மையாக இருக்கலாம். நால்வருக்குச் சமைப்பவளுக்கு மிச்சமானது ஒரு தட்டு கழுவுவது மட்டுமே.

உறவினர் வீட்டுத் திருமணங்கள் அடுத்தடுத்து வந்த தை மாதத்தில் விரதம் முறிந்தது. குறைந்த நாலரைக் கிலோவில் மூன்று கிலோ ஐந்து மாதத்தில் திரும்பி வந்தது. மன உறுதி போதவில்லை என்று என்னை நானே கடிந்துகொண்டேன். பிறகு யோசித்தபோது, அந்த முறையின் பராமரிப்பு முழுவதும் என் ஒருத்தியின் உறுதியின்மேல் நின்றதும், அதில் ஒரு பங்கைக்கூட வீட்டில் வேறு யாரும் வாங்கிக்கொள்ள வழியில்லாமல் இருந்ததும் புரிந்தது.

மத்திய தரைக்கடல் முறையில் பாரம் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம், அது கூடுதல். முதலில் எண்ணெய். ஸ்பானிய ஆய்வில் ஒரு குடும்பத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரு லிட்டர் முதல்தர ஆலிவ் எண்ணெய் இலவசமாகக் கொடுத்தார்கள். நான் வாங்கிய ஒரு லிட்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. மாதம் நான்கு லிட்டர் என்றால் எங்கள் மளிகைக் கணக்கே கவிழ்ந்துவிடும். ஆகவே எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் செக்கு எண்ணெய்க்கே திரும்பிவிட்டேன். ஆலிவ் எண்ணெயின் சிறப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இந்த எண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி பங்கு உண்டு. ஆலிவில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் இதில் கிடையா. அது இழப்புதான், ஏற்றுக்கொண்டேன். வால்நட்டுக்குப் பதில் ஒரு பிடி வறுத்த மல்லாட்டை. பண்ருட்டி முந்திரி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், எங்கள் வீட்டில் அது பாயசத்துக்கு வழிகாட்டிவிடுவதால் அளவோடு நிறுத்தினேன்.

அடுத்தது மீன். வாரம் மூன்று நாள் கவலை அல்லது கானாங்கெளுத்தி. வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு மலிவு, ஒமேகா-3 கொழுப்பும் நிறைவு. பொரிப்பதை நிறுத்திவிட்டுக் குழம்பிலும் தோசைக்கல்லில் சிறிது எண்ணெயிலும் முடித்துக்கொள்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் அப்போது விலை ஏறிவிடும். தேவனாம்பட்டினத்தில் நாட்டுப் படகுகள் கொண்டுவரும் சிறிதளவு மீனைப் போட்டி போட்டு வாங்க வேண்டியிருக்கும். கருவாட்டை நாடினால் உப்பு கூடிவிடுகிறது. சென்ற ஆண்டு அந்த இரண்டு மாதமும் முட்டையும் மொச்சையும் கொண்டைக்கடலையுமாகவே ஒப்பேற்றினோம்.

எல்லாவற்றையும்விட உழைப்பு கேட்பது கீரையும் பயறும். முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும், கீரை ஆய வேண்டும், தட்டில் சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த இடத்தை நிரப்ப இரண்டு காய்களாவது நறுக்க வேண்டும். நாளொன்றுக்கு முக்கால் மணி நேரமாவது கூடுதலாகிறது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தைக் கூறுபோட முடிகிறது. மாமியார் மாலையில் தொலைக்காட்சி பார்த்தபடியே கீரை ஆய்ந்து வைக்கிறார். கணவர் கடையிலிருந்து வந்ததும் பயறை ஊறவைப்பது அவர் வேலையாகிவிட்டது. மகன் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்து, முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழுவியும் தருகிறான். குழம்பு ஒன்றுதான், அதை நான்கு பேரும் ஒன்பது மணிக்கு ஒன்றாக உட்கார்ந்து உண்கிறோம். நான் ஊருக்குப் போன பத்து நாள்களிலும் இந்த முறை வீட்டில் முறியாமல் நடந்தது. விரதத்தின்போது நான் சோர்ந்த நாளில் அதுவும் அங்கேயே நின்றது.

எண்கள் இதோ: எடை 66 கிலோவில் நான்கு மாதமாக நிற்கிறது, சர்க்கரை 5.8, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு இயல்பு எல்லைக்குள் வந்துவிட்டது. இந்தக் காலத்தில்தான் மாலை நடையையும் தொடங்கினேன் என்பதால் பெருமை முழுவதையும் குழம்புக்கே கொடுத்துவிட முடியாது. விரத எட்டு மாதத்தின் மிச்சப் பலனும் இதில் கலந்திருக்கலாம். மாமியாரின் சர்க்கரையும் சற்று இறங்கியது. அதே சமயம் அவருடைய மருந்தும் மாற்றப்பட்டதால் அதை என் கணக்கில் சேர்க்கவில்லை.

தனியே தங்கி வேலை பார்ப்பவர், அடுப்பே மூட்டாதவர், சர்க்கரை மாத்திரை எதுவும் எடுக்காதவர் என்னிடம் கேட்டால் முதலில் விரதத்தையே முயன்று பார்க்கச் சொல்வேன். உணவகச் சாப்பாட்டில் கீரையும் பயறும் தேடி அலைவதைவிட ஒரு வேளையை விட்டுவிடுவது அவருக்கு எளிது. நானும் அதை முழுவதும் கைவிடவில்லை. இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகு காலை ஒன்பதரை வரை எதுவும் உண்பதில்லை, அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் கேழ்வரகுக் கூழ்தான் காலை உணவு. ஆனால் அதற்கு விரதம் என்று பெயர் வைக்கவில்லை.

தடைக்காலம் முடிந்து ஜூலையில் மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். சோற்றை இன்னும் குறைக்கும்படி மருத்துவர் சொன்னால், இராச்சாப்பாட்டுக்குச் சோறு வடிக்காமல் இருக்க மாமியாரின் ஒப்புதலை வாங்க வேண்டியிருக்கும். அதைக் கேட்கும் பொறுப்பைக் கணவரிடம் இப்போதே கொடுத்துவிட்டேன்.