பழைய சிஎன்சிக்கு எந்த விண்டோஸ்: 98, 2000, எக்ஸ்பி

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இருபது வயது தாண்டிய சிஎன்சி மெஷின்கள் (கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தை வெட்டிக் கடைபவை) இன்னும் ஓடுகின்றன. மெஷின் கெட்டால் ஆள் கிடைக்கும். அதற்குப் புரோகிராம் அனுப்பும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால்தான் தலைவலி. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் தேடிப் பிடித்த பென்டியம் 3 அல்லது 4 போர்டில் எந்த விண்டோஸைப் போடுவது? பெரும்பாலான பட்டறைகளுக்கு எங்கள் பதில் விண்டோஸ் 2000, சர்வீஸ் பேக் 4-உடன். விதிவிலக்குகள் உண்டு, அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

98 செகண்ட் எடிஷன், விண்டோஸுக்கு முந்தைய டாஸின் மேல் உட்கார்ந்த சிஸ்டம். பேரலல் போர்ட்டின் (பழைய பிரிண்டர் போர்ட்) 378 முகவரியில் ஒரு நிரல் நேராக எழுதினால் அது தடுப்பதில்லை. டாஸ் காலத்து மென்பொருள், போர்ட்டை நேரடியாகத் தொடும் டாங்கிள் (மென்பொருளின் உரிமத்துக்கான சாவி), 98-க்கு மட்டுமே டிரைவர் உள்ள ஐஎஸ்ஏ கார்டு (பழைய வகை விரிவாக்கக் கார்டு) ஆகியவை இருந்தால் வேறு வழி தேட வேண்டாம். 128 எம்பி ரேமில் மூன்றிலும் இதுதான் லேசாக ஓடும்.

ஆனால் இப்படி எல்லோரையும் உள்ளே விடுவதால்தான் அது அடிக்கடி விழுகிறது. தப்பான இடத்தில் எழுதும் ஒரு நிரல் மொத்த சிஸ்டத்தையும் கவிழ்த்துவிடும். ஒரு 16-பிட் நிரல் மாட்டிக்கொண்டால் மற்றவையும் அதற்காகக் காத்து நிற்கும். விண்டோக்கள், ஐகான்கள் போன்றவற்றுக்கான சில நினைவகப் பகுதிகள் 64 கேபி அளவிலேயே இருப்பதால், ரேம் தாராளமாக இருந்தும் 'சிஸ்டம் ரிசோர்ஸ்' வற்றிக்கொண்டே வரும். ஷிஃப்ட் மாறும்போது ரீஸ்டார்ட் செய்வதே வைத்தியம். 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால் இன்னொரு கூத்து: 'நினைவகம் போதவில்லை' என்று புலம்பும். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் பகுதியின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் மதிப்பை 393216 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். 256 எம்பியோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. பென்டிரைவுக்கும் தனி டிரைவர் வேண்டும்.

2000-ல் நிரல்கள் ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கை வைக்க முடியாது. ஒரு நிரல் செத்தால் டாஸ்க் மேனேஜரில் அதை மட்டும் முடித்துவிட்டு வேலையைத் தொடரலாம். அதற்கு விலை, போர்ட்டை நேரடியாகத் தொடும் நிரல் 'பிரிவிலேஜ்ட் இன்ஸ்ட்ரக்ஷன்' பிழையோடு நின்றுவிடும். யூசர்போர்ட் மாதிரி டிரைவர் போட்டு அனுமதி வாங்கித் தரலாம். டாங்கிளுக்கு அது போதும். ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பும் நிரல் என்றால் போதாது, ஏனெனில் இடையில் சிஸ்டம் வேறு வேலைக்குப் போய்வரும்; துடிப்பின் நேரம் பிசகும்.

கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் 2000-ன் உண்மையான பலம் அதன் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ். 98-ன் கோப்பு அமைப்பான ஃபேட்32-ல் திடீரென்று கரண்ட் போனால் அடுத்த பூட்டில் டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் வரும். பிறகு சிஎச்கே நீட்சியோடு உடைந்த துண்டுக் கோப்புகள் கிடக்கும். என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பின் மாற்றங்களைப் பதிவேட்டில் எழுதி வைப்பதால் டிஸ்க்கின் கட்டமைப்பு தப்பிக்கும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு போனது போனதுதான். யூபிஎஸ் செலவு மிச்சம் என்று நினைக்க வேண்டாம். 137 ஜிபிக்கு மேல் டிஸ்க் மாட்டினால் ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்பிக்எல்பிஏ மதிப்பை 1 ஆக்க வேண்டும். மறந்தால் தரவு கெடும். 40 ஜிபி டிஸ்க் போதுமே!

எக்ஸ்பியும் 2000-ம் ஒரே குடும்பம்: என்டி 5.1, என்டி 5.0. நிலைத்தன்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸ்பி சீக்கிரம் பூட் ஆகும், ஆனால் 256 எம்பிக்குக் கீழே டிஸ்க் ஓயாமல் சுழலும். சர்வீஸ் பேக் 3 போட்டால் 512 கொடுங்கள். மதர்போர்டை மாற்றினால் ஆக்டிவேஷன் மறுபடி கேட்கலாம். 2000-ல் அந்தத் தொல்லையே கிடையாது. கார்டுக்கு எக்ஸ்பி டிரைவர் மட்டுமே இருந்தால் அதைப் போடுங்கள். பூட்டில் 0x7பி நீலத்திரை வந்தால் பயாஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றிப் பாருங்கள். திடீரென்று எல்லாம் ஆமை வேகமானால், டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனல் மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகமான டிஎம்ஏ முறையை விட்டுவிடும். கேபிளை மாற்றி, அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் திரும்பிவிடும்.

எந்த விண்டோஸானாலும் கப்பாசிட்டர் உப்பிய போர்டு கவிழ்த்துவிடும். 2000-களின் தொடக்கத்துப் போர்டுகளில் சிபியு பக்கத்துக் கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

மூன்றுக்கும் ஆதரவு முடிந்தாயிற்று: 98-க்கு 2006, 2000-க்கு 2010, எக்ஸ்பிக்கு 2014. எனவே இன்டர்நெட் இணைப்பு வேண்டாம். மெஷினுக்கு ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட்) கேபிள் போதும். அனுப்பும்போது எழுத்துகள் விழுங்கப்பட்டால், காம் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் ரிசீவ், டிரான்ஸ்மிட் பஃபர்களைக் குறைத்து, பாட் ரேட்டை (அனுப்பும் வேகம்) 9600-லிருந்து 4800-க்கு இறக்கி, இரு பக்கமும் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் ('நிறுத்து', 'அனுப்பு' சைகை முறை) ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.