கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டை உடைத்துத் தந்த நானாவின் வேலை

கொழும்பு 13, 14, 15 பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடு வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டிய வீட்டை உடைக்க ஓரளவு அனுபவம் உள்ள யாரும் போதும். எங்களைப் போலப் பொதுச் சுவர் உள்ளவர்கள் உடைக்க வருகிறவரை நன்றாக விசாரித்தே பிடிக்க வேண்டும்.

எங்கள் வீடு புனித லூசியா பேராலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. காணி ஏழு பேர்ச்சஸ். முன்பக்கம் கபொக் கல் (செம்புரைக்கல்) சுவரும் ஓட்டுக் கூரையும். பின்னால் அப்பா காலத்தில் இறக்கிய குசினிக்கு அஸ்பெஸ்டஸ் சீட். இடப்பக்கச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பொதுவானது. கூரையைத் தாங்கும் வளை மரங்கள் இரண்டு வீட்டிலும் அந்த ஒரே சுவரில்தான் ஏறியிருந்தன. அக்காவின் அம்மா படுத்த படுக்கையாக இருப்பது அந்தச் சுவருக்கு மறுபக்க அறையில். இதைவிடப் பயமான வேலை எனக்கு வேறெதுவும் இருந்ததில்லை.

முதலில் வந்து பார்த்த கொந்தராத்துக்காரர் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "போயா லீவு சேர்ந்து வாற கிழமை சொல்லுங்க மிஸ், பார்க்க அதிகாரிகள் ஒருத்தரும் வரமாட்டாங்க, அதுக்குள்ள முடிச்சுத் தாறன்" என்றார். பொதுச் சுவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விலை குறைவாகத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்தவர்தான் நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர். கிராண்ட்பாஸ் பக்கத்து ஆள். பழைய மரம், கதவு, நிலை வாங்கி விற்பதும் வீடு உடைப்பதும் அவருடைய தொழில். வாசலில் நின்றபடியே அவர் கேட்ட முதல் கேள்வி: "தங்கச்சி, பிளான் பாஸாகிட்டா? பாஸான பிளானைக் காட்டுங்க, பொறகு விலை பேசுவோம்."

உடைக்கிற ஆளுக்குக் கட்டுகிற பிளான் எதற்கு என்று அம்மா கேட்டார். நானா திண்ணையில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். பிளான் வரைந்த பொறியியலாளரிடமும் பிறகு கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழைய வீடு நிற்கும்வரை, அது றோட்டை ஒட்டி நின்றாலும் பின் மதில்வரை நிரம்பியிருந்தாலும், அப்படியே இருந்துவிட்டுப் போகிறது. அதைத் தரைமட்டமாக்கிய பிறகு அங்கே எழும்புவது புதுக் கட்டடம். புதுக் கட்டடத்துக்கு இன்றைய விதிதான். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கு 1982இல் வந்த திருத்தத்தின்படி அபிவிருத்தி அனுமதிப்பத்திரமும் வேண்டும். 1986இல் வந்த திட்டமிடல் விதிகளுக்குப் பதிலாக 2021இல் புதிய விதிகள் வந்துவிட்டன. பாட்டன் காலத்து அளவை வைத்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது.

எங்கள் காணியில் இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,905 சதுர அடி. பழைய வீடு கிட்டத்தட்ட முழுவதையும் மூடியிருந்தது. பாஸான பிளானில் தரைத்தளம் மூடக்கூடியது 65 வீதம், அதாவது 1,240 சதுர அடிக்கும் கொஞ்சம் குறைவு. பின்பக்கம் 2.3 மீற்றர், நம் கணக்கில் ஏழரை அடி, வெறுமையாக விட வேண்டும். முன்னால் வீதி எல்லைக் கோடு, அதாவது அதைத் தாண்டி றோட்டுப் பக்கம் கட்டக்கூடாத கோடு, எங்கள் பழைய விறாந்தையின் நடுவால் போகிறது. ஆகவே அந்த விறாந்தை இனி இல்லை. இழந்த இடத்தை மேல் மாடியில்தான் எடுக்க வேண்டும். மாடி என்றால் அத்திவாரம் வேறு, பொறியியலாளரின் கணக்கு வேறு, செலவும் வேறு.

அவசரப்பட்டு உடைத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு, குடியிருந்த அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கட்டலாம் என்று நடுத்தெருவில் நின்றவர்களைத் தனக்குத் தெரியும் என்றார் நானா. "அவங்க என்னைத்தானே ஏசுவாங்க, நீ ஏன் சொல்லல்லன்னு" என்றார். காசு வரும் வேலையைத் தள்ளிப்போட்டு இப்படிச் சொல்கிற ஆளை நான் மதிக்கிறேன்.

ஒரு பக்கத் தகவல். காணியைத் தம்பிக்கும் எனக்குமாகப் பிரித்து எழுதலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஆறு பேர்ச்சஸுக்குக் குறைந்த துண்டாகப் பிரிக்க அனுமதி கிடைக்காது. ஏழு பேர்ச்சஸை இரண்டாக்கும் யோசனையை அதோடு விட்டோம்.

இனி வேலைக்கு வருகிறேன்.

தொடங்குவதற்கு முன் நானா செய்வித்த காரியம்: அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பொதுச் சுவரின் இரண்டு பக்கத்தையும் அறை அறையாகப் பார்த்தார். ஏற்கனவே இருந்த வெடிப்புகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். படங்களை அச்சடித்து மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். பக்கத்தில் பைல் அடித்து (நிலத்துக்குள் ஆழமாகத் தூண் இறக்கி) அடுக்குமாடி எழுப்புவதென்றால் இது போதாது. ஜாவத்தை வீதியில் இருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த வெடிப்பு ஆய்வை முறையாகச் செய்து அறிக்கை தருகிறது. எங்கள் வேலைக்குப் படமும் கையெழுத்தும் போதுமாக இருந்தன. அக்காவுக்கு மனம் இளகியதும் அன்றுதான். அதுவரை அவர் எங்களோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூரையிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழாக இறங்கினார்கள். ஓடுகளைக் கையால் கழற்றி அடுக்கினார்கள். மரம் இறக்கும்போது நான் பயந்துகொண்டிருந்த கட்டம் வந்தது. வளையை இழுத்து எடுத்தால் சுவரில் ஓட்டை விழும், பழைய சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்து உதிரும். நானாவின் ஆட்கள் ஒரு வளையைக்கூட இழுக்கவில்லை. பொதுச் சுவரின் முகத்தோடு வாளால் அறுத்து, நுனியைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். முதிரை மரம், அடி அடியாக விலை போகும் பொருள். அதில் அவருக்கு நட்டம்தான். பிறகு மேசன் ஒவ்வொரு நுனியாக எடுத்துக் கல் வைத்து அடைத்தார்.

எங்கள் குறுக்குச் சுவர்களை ஒரேயடியாக விழுத்தவில்லை. பொதுச் சுவரோடு சேரும் இடத்தில் ஒன்றரை அடி அளவுக்குத் தூண்போல விட்டு மற்றதை எடுத்தார்கள். அந்தப் பகுதியில் பிறேக்கர் மெசினைத் தொடவே விடவில்லை, உளியும் சுத்தியலும்தான். தனித்து நிற்கும் உயரமான சுவர் எதையும் இரவுக்கு விட்டுவிட்டுப் போகவில்லை. பின்னேரம் மழை இருட்டினால் முதலில் ஓடிப்போய்த் தறப்பாள் போட்டது பொதுச் சுவரின் தலைக்குத்தான். கபொக் கல் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸ் பாபாபுள்ளே பகுதியில் பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து பல உயிர்கள் போயின. எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தூரம் இல்லை. அதற்கு முந்திய வருடம் மே மாதத்தில் வெள்ளவத்தையில், சவோய் தியேட்டருக்குக் கிட்ட, பல மாடிக் கட்டடம் சரிந்தது. பழைய சுவரையும் அனுமதியில்லாத மாடியையும் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர் ஆட்கள் இந்த இரண்டையும் மறக்கக்கூடாது.

எனக்குக் கோபம் வந்தது அஸ்பெஸ்டஸ் விஷயத்தில். நானா இல்லாத நேரத்தில் இரண்டு பொடியன்கள் குசினிக் கூரைச் சீட்டைச் சம்மட்டியால் தட்டிக் கீழே போடத் தொடங்கிவிட்டார்கள். நான் சத்தம் போட்டு நிறுத்தினேன். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இலேயே தடை செய்யப்பட்டது. நம் கூரைகளில் இருப்பது வெள்ளை. அதையும் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு சொன்னது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா 2017 டிசம்பரில் நம் தேயிலையை ஒரு பூச்சியைக் காட்டி நிறுத்தியது. அதன் பிறகு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு பின்போடப்பட்டது. எந்த நிறமானாலும் அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகத்துக்குச் சந்தேகம் இல்லை. முழுச் சீட்டாகக் கூரையில் இருக்கும்போது ஆபத்துக் குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் நார் பறக்கிறது. அந்தப் பொடியன்கள் மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், வயது இருபதைத் தாண்டியிருக்காது. முகத்தில் ஒரு துணிகூட இல்லை.

நானா வந்ததும் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மீதிச் சீட்டுகளைத் தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றினார்கள். முகக்கவசம் நான் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அது அவர் செலவில், முதல் நாளே நடந்திருக்க வேண்டியது. இவ்வளவு கவனமாகச் சுவரைப் பார்க்கத் தெரிந்தவர் ஆட்களின் நெஞ்சையும் பார்க்க வேண்டும். இந்த விமர்சனத்தை அவருக்குக் காட்டத்தான் போகிறேன், ஆகவே நேராகவே எழுதுகிறேன்.

இரண்டாவது குறை, இடிபாடு. ஒழுங்கைக்குள் டிப்பர் வராது. சின்ன லொறியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். ஏற்றுகிற நாள் தள்ளித் தள்ளிப் போய், கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. பழைய தண்ணீர்த் தொட்டியில் மழைத் தண்ணீர் நின்றது. நுளம்பு பெருகும் இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுதல் தடுப்புச் சட்டத்தின் கீழ் காணிச் சொந்தக்காரர் நீதிமன்றம் போக வேண்டி வரும். கட்டட வேலை நடக்கும் இடங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தேடி வந்து பார்ப்பதும் அதனால்தான். தொட்டியை நாங்களே ஓட்டை போட்டு வடியவிட்டோம்.

இடிபாடு எங்கே போகிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அப்படியிருந்தும் தாழ்நிலத்தில் இரவோடு இரவாகக் கொட்டுகிற லொறிகள் ஓடுகின்றன. வெள்ளம் வந்தால் முதலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது நம் வடகொழும்புச் சனங்களுக்குத்தான். நானா கபொக் கல்லையும் செங்கல்லையும் மதில் கட்டுகிறவர்களுக்கு விற்றார். மீதியை ஒரு கட்டட வேலைத்தளத்தில் நிரப்புவதற்குக் கொடுத்தார். அந்த வேலைத்தள ஆள் கையெழுத்திட்ட துண்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

விலை: மரம், ஓடு, கதவு, யன்னல் எல்லாம் கழித்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். முதலாவது ஆள் சொன்னதைவிட நன்றாகவே கூட. கதவுகளுக்கு அவர் போட்ட விலை குறைவு என்று இப்போதும் நினைக்கிறேன். இரட்டைக் கதவு நிலையோடு வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு தச்சரிடம் காட்டி விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். பழைய அத்திவாரக் கல்லைத் தோண்டி எடுப்பது இந்த விலைக்குள் இல்லை. எங்கள் ஒப்பந்தத் தாளில் அதைத் தெளிவாக, தமிழில், எழுதியிருந்தார்.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன செய்வார்கள் என்று ஒழுங்கையில் பலர் கேட்கிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின்படி நிறுத்தச் சொல்லி, உடைக்கச் சொல்லி எழுத்தில் அறிவித்தல் வரும். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றம். உத்தரவு கிடைத்தால் அவர்களே வந்து உடைத்துவிட்டுச் செலவையும் நம்மிடம் அறவிடலாம். அதற்கும் தப்பினால்கூட, கட்டி முடித்த பிறகு, பாஸான பிளான்படி கட்டியிருக்கிறது என்று தரும் இணக்கச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் குடியேறுவதே சட்டப்படி தவறு. வீட்டை விற்கப் போகும்போதும் வங்கிக் கடனுக்குப் போகும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.

பொதுச் சுவரில் பென்சில் கோடு போட்ட வெடிப்புகளை அக்காவோடு சேர்ந்து மறுபடி அளந்தோம். ஒன்றும் நீளவில்லை. குசினிப் பக்க மூலையில் மட்டும் சாந்து கொஞ்சம் கொட்டியிருந்தது. நானா தன் மேசனை அனுப்பிக் காசு வாங்காமல் பூசிக் கொடுத்தார். அத்திவாரம் தோண்டும் வேலைக்கு அவரைக் கூப்பிடவில்லை. அது அவருடைய தொழில் இல்லை என்று அவரே சொன்னார்; பொறியியலாளர் சொன்ன ஆட்கள் அடுத்த மாதம் வருகிறார்கள்.