பல்கனியில் மூன்று வருட மிளகாய்: எதைத் தொங்கவிடலாம், எதைத் தரையில் வைக்கலாம்

2022 ஏப்ரலில், மின்வெட்டும் காஸ் வரிசையுமாக இருந்த நாட்களில்தான் மிளகாய் நட ஆரம்பித்தேன். சந்தையில் பச்சை மிளகாய் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமலே திரும்பிய நாட்களும் உண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீடு மூன்றாம் மாடியில். பல்கனி பன்னிரண்டடி நீளம், நாலடி அகலம், கடலைப் பார்த்தது. மத்தியானம் கழிந்துதான் வெயில் வரும், ஐந்து மணித்தியாலம் நிற்கும். மிளகாய்க்கு அது சற்றுக் குறைவுதான். ஆனாலும் காய்க்கிறது.

தரையில் இடம் போதாது என்று முதலில் தொங்கு சட்டிகளைத்தான் வாங்கினேன். பத்து அங்குலப் பிளாஸ்டிக் சட்டி இரண்டு, தும்பு விரிப்புப் போட்ட கம்பிக் கூடை இரண்டு. எல்லாவற்றிலும் எம்.ஐ. 2 நாற்று. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த இனம், நல்ல காய்ப்பு. ஆனால் அது தோட்டத்துச் செடி. இரண்டடிக்கு மேல் நெட்டையாக வளரும். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் பிற்பகல் மூன்று மணிக்கு இலை தொங்கிவிடும். கம்பிக் கூடைக்குள் கடற்காற்று நாலு பக்கமும் புகுந்து மண்ணைக் காய வைக்கிறது. காய்ந்த தும்பு தண்ணீரை உறிஞ்சாமல் ஓரத்தால் வழிய விடுகிறது. செடி குடித்தது என்று நாம் நினைத்திருப்போம், வேர் வறண்டே கிடக்கும்.

கம்பிக் கூடைகளை ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அவை வேண்டாம் என்பதே என் முடிவு. இப்போது பன்னிரண்டு அங்குலப் பிளாஸ்டிக் சட்டிகளைத்தான் தொங்கவிடுகிறேன். பாதி தும்புச்சோறு, பாதி கூட்டெரு, மேலே காய்ந்த இலை மூடாக்கு. தண்ணீர் போதுமா என்று மண்ணைக் கிண்டிப் பார்ப்பதில்லை. சட்டியின் அடியில் உள்ளங்கையை வைத்து இலேசாகத் தூக்குவேன். கனத்தால் ஊற்றத் தேவையில்லை, கை சுலபமாக மேலே போனால் ஊற்ற வேண்டும். மார்ச், ஏப்ரலில் இரண்டு வேளை, மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை. நனைந்த சட்டி எட்டு, பத்துக் கிலோ வரும். ஆகவே கொக்கியை வெறும் ஆணியில் மாட்டாதீர்கள். கொங்கிரீட்டில் துளைத்து ரோல் பிளக் (திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) அடித்தே மாட்டுங்கள்.

தொங்கு சட்டிக்கு ஏற்றது அழகுக்கு வளர்க்கும் குட்டை மிளகாய்தான். பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கம் செடிக் கடைகளில் வாங்கினேன். ஓரடிக்கு மேல் போகாது, பக்கவாட்டில் பரவும். காய் ஊதாவாகத் தொடங்கி, செம்மஞ்சளாகி, கடைசியில் சிவக்கும். ஒரே சட்டியில் மூன்று நிறமும் இருக்கும். உறைப்பு உண்டு, வாசம் குறைவு. கடையில் என்ன மருந்து அடித்திருப்பார்களோ என்று முதல் மாதக் காய்களைச் சமையலில் சேர்க்கவில்லை. பல்கனிக்குத் தேனீ வருவது குறைவு. மிளகாய்ப் பூ தன்னிலேயே கருக்கட்டும் என்பதால் அது பெரிய குறையில்லை. காற்றில் சட்டி ஆடும்போதே பூ உதறப்பட்டு மகரந்தம் விழுந்துவிடுகிறது.

கறிமிளகாயையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். "பிள்ளை, உதைக் கட்டித் தூக்காதே, காய் வந்தால் கொப்பு முறியும்" என்று அம்மா அப்போதே சொன்னார். ஜூலைக் காற்றில் ஆறு காயோடு ஒரு கொப்பு முறிந்தது. அன்றைக்கே எல்லாக் கறிமிளகாயையும் தரையில் பைகளுக்கு மாற்றினேன். பன்னிரண்டு அங்குலப் பைக்கு ஒரு செடி, பக்கத்தில் ஒரு தடி. மாசி போட்டு அடைத்துப் பொரிக்கிற அளவுக்கு வாரம் ஒருமுறை கிடைக்கிறது. முதல் வருடம் காயின் நுனி கறுத்து அழுகியது. முட்டைக்கோது தூளாக்கிப் போட்டேன், பயன் தெரியவில்லை. கோது உக்கிச் செடிக்குச் சேர மாதக்கணக்காகும். தண்ணீரை ஒழுங்காக ஊற்றத் தொடங்கியதும் அழுகல் தானாகக் குறைந்தது. மண்ணில் கல்சியம் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது காய்க்குப் போகும் என்று பிறகுதான் விளங்கியது. பசளைக்கு, பூக்கத் தொடங்கிய பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அல்பேட் கரைசல் என்ற திரவப் பசளையைப் பாதி அளவில் கொடுக்கிறேன்.

குடைமிளகாய்க்கு இரண்டு தடவை முயன்றேன். பூத்துக் கொட்டியது, அவ்வளவுதான். கொழும்பு இரவின் சூடு அதற்கு ஒத்துவராது. அது நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் குளிருக்குரிய செடி.

நான் மனம் வைத்து வளர்ப்பது கொச்சிதான். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் சின்னக் காய், இரண்டு கிள்ளிப் போட்டாலே ஒரு சட்டிக் கறி உறைக்கும். 2022இல் நட்ட கொச்சி ஒன்று இன்னும் நிற்கிறது, நாலடி உயரம், கைப்பிடித் தடிமனில் தண்டு. வருடத்துக்கு ஒருமுறை பாதிக்கு வெட்டி விடுவேன், மறுபடி துளிர்க்கும். நல்ல மாதங்களில் வாரம் ஒரு தேநீர்க் கோப்பை நிறையப் பறிக்கிறேன். கொண்டைக்குருவிகளும் பங்குக்கு வரும். பறவைகளுக்கு அந்த உறைப்புத் தெரியாதாம், பழுத்ததைத்தான் தேடித் தின்கின்றன. நான் துரத்துவதில்லை.

மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் உப்புக் காற்றில் இலை ஓரம் கருகும். மழை இல்லாத நாளில் மாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவி விடுகிறேன். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பூச்சி. இரண்டுக்கும் வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் நனைய, வெயில் இறங்கிய பின் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் வீண். அப்படியும் மீளாத ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி எறிந்தேன். மனம் கேட்கவில்லைதான், ஆனால் மற்றவை தப்பின.

என்னை அதிகம் அலைக்கழித்தது சட்டியில் இருந்து சொட்டும் தண்ணீர். கீழ் வீட்டு அக்காவின் உடுப்புக் கொடியில் மண் தண்ணீர் விழுந்தது. அவர் மேலே வந்து அமைதியாகத்தான் சொன்னார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தட்டு வைத்தால் நுளம்பு. 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததை மறந்துவிட்டுக் கொழும்பில் யாரும் சட்டிக்குக் கீழே தட்டு வைக்க முடியாது. இப்போது சட்டிகளைக் கிராதிக்கு உட்பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றும்போது கீழே ஒரு பேசின் வைப்பேன். கால் மணித்தியாலத்தில் சொட்டு நின்றுவிடும். வடிந்ததை அப்படியே கொச்சிக்கு ஊற்றிவிட்டுப் பேசினைக் கவிழ்த்து வைப்பேன். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து முறைப்பாடு இல்லை, கறிமிளகாய் கேட்டு மட்டும் வருவார்.

இப்போது மூன்று கொக்கியில் குட்டை மிளகாய் தொங்குகிறது. கம்பிக் கூடை இருந்த நாலாவது கொக்கியை அம்மா எடுத்துக்கொண்டார். காகம் எட்டாத உயரத்தில், வலையால் மூடிய சுளகில் அவருடைய மோர்மிளகாய் அங்கே காய்கிறது.