சான்றிதழ் உண்மை, வேலைதான் பொய்: இங்கிலாந்து கேர் விசாவில் நான் ஏமாந்த விதம்

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, நாகர்கோவிலில் உள்ள ஒரு முகவர் அலுவலகம் என்னிடம் 14 லட்சம் ரூபாய் வாங்கியது. 2023 ஆகஸ்டில் லெஸ்டர் அருகே ஒரு சிற்றூரில் வந்து இறங்கினேன். "போலி விசாவா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விசா அசல், ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் அசல், அதை வழங்கிய நிறுவனத்தின் பெயர் பிரிட்டிஷ் உள்துறை வெளியிடும், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற முதலாளிகள் பட்டியலில் இருந்ததைப் பணம் கட்டுவதற்கு முன் நானே பார்த்தேன். இல்லாமல் போனது வேலை மட்டுமே.

2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களையும் வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம் என்று அந்நாட்டு அரசு அனுமதித்தது. உரிமம் பெற்ற முதலாளி, தான் எடுக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் இணையவழியில் ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை ஒதுக்குவார். முகவர்கள் 'சிஓஎஸ்' என்று சொல்வது அதைத்தான். அதன் எண்ணை வைத்து நாம் விசாவுக்கு விண்ணப்பிக்கிறோம். நான் விண்ணப்பித்தபோது அந்தச் சான்றிதழுக்கு முதலாளி அரசுக்குக் கட்டிய தொகை 199 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20,000 ரூபாய். என் விசாக் கட்டணம் 247 பவுண்டு. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக மற்ற விசாக்காரர்கள் கட்டும் கூடுதல் கட்டணம் இந்த விசாவுக்குக் கிடையாது. இந்தக் கணக்கை அன்றே போட்டுப் பார்த்திருந்தால், 14 லட்சம் எதற்கு என்று கேட்டிருப்பேன். கேட்கவில்லை. முன்பணம் 2 லட்சம், சிஓஎஸ் எண் வந்ததும் 7 லட்சம், விசா வந்ததும் 5 லட்சம் என்று அம்மாவின் நகைகளை அடகு வைத்துக் கட்டினோம்.

நேர்காணல் வாட்ஸாப் காணொளியில் ஆறு நிமிடம் நடந்தது. "கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்கள், தெரியாது என்றேன், பரவாயில்லை என்றார்கள். என் சான்றிதழில் இருந்ததோ வீடு வீடாகச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் பணி. பேருந்து மணிக்கு ஒன்று வரும் ஊரில், காலை ஏழு மணிக்கு ஒரு வீடு, எட்டு மணிக்கு ஐந்து மைல் தள்ளி இன்னொரு வீடு என்றிருக்கும் அந்த வேலையைக் கார் இல்லாமல் செய்யவே முடியாது. அந்த ஒரு பதிலிலேயே அவர்களுக்கு ஆள் தேவையில்லை என்பது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம், ஆண்டுக்கு 20,960 பவுண்டு என்று சான்றிதழ் சொன்னது. முதல் மூன்று வாரம் காவல்துறைச் சரிபார்ப்பு வரவில்லை என்றார்கள். அது வந்த பிறகும், பணிநேரம் காட்டும் செயலியைக் கைப்பேசியில் திறந்தால் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்களும் வெறுமையாக இருக்கும். அதிகமாகக் கிடைத்த வாரத்தில் ஒன்பது மணி நேரம் வேலை செய்தேன். மூன்று படுக்கையறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். எழுவரும் அதே நிறுவனத்தின் ஆட்கள், எழுவரின் செயலியும் அப்படித்தான். ஸ்பான்சர் செய்யப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருப்பவர்தான் வெளியில் வாரம் 20 மணி நேரம் கூடுதல் வேலை பார்க்கலாம் என்பது விதி என்பதால், அந்தச் சலுகையும் எங்களுக்கு உதவவில்லை.

மறு ஆண்டு அந்த நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. தவறு அவர்களுடையது, கடிதம் வந்தது எங்களுக்கு. 60 நாள்களுக்குள் வேறு ஸ்பான்சரைக் கண்டுபிடித்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். நாற்பத்தோராம் நாள் ஒரு முதியோர் இல்லம் ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் எனக்குச் சான்றிதழ் வழங்கியது. உடனிருந்தவர்களில் நால்வர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். இங்கிலாந்தில் பராமரிப்புச் சேவை நடத்துபவர்களை ஆய்வு செய்யும் தர ஆணையத்தின் தளத்தில் என் நிறுவனத்தைத் தேடியிருந்தால், அது அண்மையில் பதிவானது, இதுவரை ஆய்வு செய்யப்படாதது என்று அங்கேயே இருந்திருக்கும். நம் நாட்டில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். 2024 டிசம்பர் 31 முதல் சிஓஎஸ் கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதை பிரிட்டன் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. 2025 ஜூலை 22 முதல் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கும் ஒருவர் கேர் விசா என்று முன்பணம் கேட்டால், மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டியதில்லை.

ரசீதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மூன்று ரசீதுகளிலும் 'ஆங்கிலப் பயிற்சிக் கட்டணம்' என்றே எழுதியிருக்கிறது. என் தம்பி அவற்றோடு மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போனபோது, "பயிற்சி கொடுத்தார்கள்தானே?" என்று கேட்டுவிட்டார்கள். வாட்ஸாப் உரையாடலில் 'சிஓஎஸ் வந்துவிட்டது, 7 லட்சம் அனுப்புங்கள்' என்று முகவர் அனுப்பிய ஒரு வரி அழியாமல் இருந்ததால்தான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். அந்த அலுவலகம் இன்னும் திறந்திருக்கிறது. பலகையில் இங்கிலாந்து இருந்த இடத்தில் ஜெர்மனி என்று ஒட்டியிருக்கிறார்கள். அங்கே பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், ரசீதையும் உரையாடல் படங்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்; சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து மனு கொடுக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.