பார்க்லியின் மூன்று உரையாடல்கள்: கண் பரிசோதிக்கும் ஒருத்தியின் மதிப்புரை

ஜார்ஜ் பார்க்லி எழுதிய 'ஹைலஸுக்கும் ஃபிலோனஸுக்கும் இடையே மூன்று உரையாடல்கள்' 1713இல் லண்டனில் வெளிவந்தது. யார் உணர்ந்தாலும் உணராவிட்டாலும் தன்பாட்டுக்கு வெளியே கிடக்கிற சடப்பொருள் என்று ஒன்று கிடையாது, காண்பதும் தொடுவதும் சுவைப்பதும் சேர்ந்ததுதான் உலகம் என்று வாதாடுகிற சின்னப் புத்தகம். பிற்காலத்தில் பினாமினலிசம் என்று பெயர் பெற்ற கொள்கைக்கு ஊற்றுக்கண் இங்கேதான் இருக்கிறது. நான் தத்துவம் பயின்றவள் அல்ல. திருநெல்வேலியில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது என் தொழில். என் வேலைக்கு இவ்வளவு அருகில் வந்து உட்கார்ந்து பேசும் தத்துவ நூலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலில் வடிவத்தைச் சொல்ல வேண்டும். பார்க்லி இதே கருத்தை 1710இல் ஒரு கட்டுரை நூலாக எழுதினார். அது எடுபடவில்லை. அதையே இருவர் பேச்சாக மாற்றினார். ஒரு கல்லூரித் தோட்டம், விடியற்காலை. இரவெல்லாம் தூக்கம் வராமல் எழுந்து வந்த ஹைலஸ், ஃபிலோனஸைச் சந்திக்கிறான். ஹைலஸ் சடப்பொருளின் பக்கம், ஃபிலோனஸ் மனத்தின் பக்கம். முதல் நாள் பேச்சு கல்லூரியின் பிரார்த்தனை மணி அடிப்பதோடு முடிகிறது. ஹைலஸ் வெறுமனே தலையாட்டும் பாத்திரம் அல்ல. ஒரு வாதத்தை ஒப்புக்கொண்ட பிறகும் அவனுக்கு மனம் ஆறவில்லை; வேறு வழியாக மறுபடி வருகிறான். நாம் கேட்க நினைத்ததை அவனே கேட்டுவிடுகிறான். வாசகரை இவ்வளவு மதிக்கும் நூலை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

புத்தகத்தின் உயிர் முதல் உரையாடலில் இருக்கிறது. கடும் வெப்பம் என்பது வலிதானே, வலி நெருப்புக்குள் இருக்குமா என்று பார்க்லி தொடங்குகிறார். ஒரு கை சூடாகவும் மறு கை குளிர்ந்தும் இருக்க, இரண்டையும் ஒரே தண்ணீரில் வைத்தால் ஒரு கைக்கு அது சூடு, இன்னொன்றுக்குக் குளிர். தண்ணீர் இரண்டாகவும் இருக்க முடியுமா? அங்கிருந்து சுவை, மணம், ஒலி, நிறம் என்று ஒவ்வொன்றாகப் பொருளிடமிருந்து கழற்றி மனத்திடம் சேர்க்கிறார். நிறத்துக்கு வரும்போது காமாலை வந்தவர்களுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியுமே என்கிறார். 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்ற நம் பழமொழியை இந்த அயர்லாந்துக்காரரின் நூலில் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் காமாலையில் மஞ்சளாவது கண்ணின் வெள்ளைப் பகுதி. ஒளி அந்த வழியாக உள்ளே போவதில்லை. எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று காமாலை நோயாளி யாரும் என்னிடம் சொன்னதும் இல்லை.

பார்க்லிக்குத் தேவையான உதாரணம் கண்புரையில் இருக்கிறது. வயது ஏற ஏற கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. மெல்ல மெல்ல நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு கண்ணில் மட்டும் அறுவை முடிந்து செயற்கை லென்ஸ் வைத்த பெரியவர்கள் மறு பரிசோதனைக்கு வரும்போது கவனித்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு கண்ணைக் கையால் பொத்தி மடியில் கிடக்கும் வேட்டியைப் பார்ப்பார்கள். கையை மாற்றி மறுபடி பார்ப்பார்கள். அறுவை செய்த கண்ணுக்கு அது நீலம் போட்டு வெளுத்தது போல வெண்மை. மற்றக் கண்ணுக்கு அதே வேட்டி தேநீர்க் கறை படிந்த நிறம். "எந்தக் கண் சொல்வது சரி தாயி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பார்க்லியின் தண்ணீர்ப் பாத்திரம் அப்படியே என் அறையில் இருந்தது. ஒரே வேட்டி, ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே மனிதர், இரண்டு வெள்ளை.

பார்க்லி இதற்குத் தரும் பதில் மூன்றாம் உரையாடலில் வருகிறது; துணிச்சலான பதில். கண்டிப்பாகச் சொன்னால் நுண்ணோக்கியில் பார்ப்பதும் வெறுங்கண்ணால் பார்ப்பதும் ஒரே பொருள் அல்ல, தொடுவதும் பார்ப்பதும் கூட ஒன்றல்ல என்கிறார். ஒன்றோடொன்று சேர்ந்தே வரும் உணர்வுகளுக்கு நாம் வசதிக்காக ஒரே பெயர் வைத்திருக்கிறோம். செர்ரிப் பழத்திலிருந்து மென்மை, ஈரம், சிவப்பு, புளிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பழமே போய்விடும் என்று அங்கே ஃபிலோனஸ் சொல்கிறான். அந்தப் பக்கங்களை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பழத்தை அவர் பொய் என்று சொல்லவே இல்லை. சிவப்பும் புளிப்பும்தான் உண்மை, அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாக நாம் கற்பனை செய்யும் ஏதோ ஒன்றுதான் தேவையற்றது என்கிறார். கல்லை உதைத்துப் பார்க்லியை மறுத்ததாக ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் நினைத்தது 1763இல். உதைத்த காலில் தோன்றிய எதிர்ப்பும் வலியும் உணர்வுகளே. பார்க்லி அவற்றை ஒருநாளும் மறுத்ததில்லை.

யாரும் பார்க்காதபோது பொருளுக்கு என்ன ஆகிறது? எல்லாருக்கும் எழும் கேள்வி இது. 1710 நூலிலேயே பார்க்லி இரண்டு பதில்களை ஒரே வாக்கியத்தில் வைத்துவிட்டார். என் அறையில் மேசை இருக்கிறது என்றால், நான் அங்கே போனால் அதைக் காண்பேன் என்று பொருள்; அல்லது வேறொரு மனம் இப்போது அதைக் காண்கிறது என்று பொருள். இரண்டாவது வழியில் போய் அவர் கடவுளிடம் சேர்ந்தார். அவருக்கு அது வாதத்தின் ஓட்டையை அடைக்கும் துணி அல்ல, கடவுள் இருப்பதற்கான நிரூபணமே அதுதான். முதல் வழியை மட்டும் எடுத்துக்கொண்டவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1865இல் வந்த நூலில், பொருள் என்பது உணர்வுகளுக்கான நிலையான சாத்தியம் என்றார். அவர் கொடுத்த உதாரணம் கல்கத்தா. அங்குள்ள மக்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போனாலும் கல்கத்தா இருக்கும். எப்படியென்றால், என்னை ஹூக்ளிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த உணர்வுகள் எனக்கு உண்டாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை வேலை பார்த்து, இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராதவர் எழுதியது இது. எழுத்தின் வழியாக மட்டுமே அறிந்த ஊரை அவர் எடுத்துக்கொண்டது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

என் வேலையின் பெரும்பகுதி மில் சொல்வது போலத்தான் நடக்கிறது. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறேன். இயந்திரம் ஓர் எண்ணைத் தரும். ஆனால் எதிரே இருப்பவர் தெளிவு என்று சொல்லும் இடத்தில்தான் சீட்டு எழுதுகிறேன். அவருக்குத் தெரிவதைத் தாண்டி 'தெளிவு' என்று வேறொன்று இல்லை. இந்த அளவுக்குப் பார்க்லிக்கு என் முழு ஆதரவு உண்டு.

அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. இஷிஹாரா நிறப் பரிசோதனைப் புத்தகத்தில் ஓர் அட்டை உண்டு. வழக்கமான நிறப்பார்வை உள்ளவர் அதில் 8 என்று படிப்பார். சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர் 3 என்பார். 'அட்டையில் 8 இருக்கிறது' என்ற வாக்கியத்தை உணர்வுகளாக மட்டும் பெயர்த்துச் சொல்லிப் பாருங்கள். பார்ப்பவருக்கு 8 தெரியும் என்றால் போதாது. கண்ணில் குறை இருக்கக் கூடாது, பகல் வெளிச்சம் வேண்டும், அட்டை சுமார் 75 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். கண், வெளிச்சம், அட்டை எல்லாமே பொருள்கள். அவற்றையும் உணர்வுகளாகப் பெயர்க்கப் போனால் இன்னும் சில பொருள்கள் நிபந்தனையாக உள்ளே வந்துவிடும். 1948இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ரோடரிக் சிசம் இந்த ஆட்சேபத்தைத்தான் எழுப்பினார். அதற்குப் பிறகு பினாமினலிசம் பழைய செல்வாக்கைத் திரும்பப் பெறவில்லை. ஹைலஸ் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் முதல் நாள் மணி அடிப்பதற்குள் தோற்றிருக்க மாட்டான். அவனை அதைக் கேட்கவிடாததே இந்தப் புத்தகத்தின் உண்மையான குறை என்று கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கைக்குழந்தையிடம் எது தெளிவு என்று கேட்க முடியாது. சொட்டு மருந்து விட்டு, அறையை இருட்டாக்கி, ரெட்டினாஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்ணின் மணியில் பாய்ச்சுவேன். உள்ளிருந்து செம்மஞ்சள் ஒளி திரும்பி வரும். கீற்றை அசைத்தால் அந்த ஒளி கூடவே நகரும், அல்லது எதிர்த்து நகரும். நகர்வு நின்று மணி முழுதும் ஒரே சமயத்தில் ஒளிரும் வரை லென்ஸ்களை மாற்றுவேன். அந்த ஒளியும் நான் காணும் உணர்வுதானே என்று ஃபிலோனஸ் கேட்பான். ஆமாம். ஆனால் நான் சீட்டில் எழுதுவது என் பார்வையைப் பற்றி அல்ல. ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத, தெளிவு என்றால் என்னவென்று இன்னும் அறியாத கண்ணின் நீளத்தையும் வளைவையும் பற்றி எழுதுகிறேன். அந்தக் கண் என் உணர்வுக்கும் அதன் உணர்வுக்கும் முன்பே அந்த அளவில் இருந்தது. இதை விட்டுக்கொடுக்கச் சொன்னால் என்னால் வேலை செய்ய முடியாது.

இவ்வளவு மறுப்பு எனக்கு இருந்தும் இதை வாங்கச் சொல்கிறேன். ரோஜர் வூல்ஹவுஸ் பதிப்பித்த தொகுப்பில் 1710 நூலும் உரையாடல்களும் சேர்ந்தே கிடைக்கின்றன; முன்னுரையும் உண்டு. உரையாடல்களை முதலில் படியுங்கள், கட்டுரை நூலைப் பிறகு. பதிப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். யாரோ அவசரமாக அச்சிட்ட மலிவு மறுபதிப்பு ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. பல பக்கங்களில் பேசுபவர் பெயரே விடுபட்டிருந்தது. உரையாடல் நூலில் அது பெரிய கேடு, எந்த வாதம் யாருடையது என்றே தெரியாது. வாங்குமுன் உள்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம் தொடக்கத்தில் சற்று இடறும். முதல் பத்துப் பக்கங்களை வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். மூன்றாம் உரையாடலில் பைபிளில் மோசே சொல்லும் உலகப் படைப்பு வரலாறு பற்றிய நீண்ட பகுதி இன்றைய வாசகருக்கு அவ்வளவு தேவைப்படாது. அதைத் தாண்டி மேலே படிக்கலாம். செர்ரிப் பழத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.