ஆயில் மாற்றியதாக பில் போட்டார்கள்; ஃபில்டரில் பாயின் கையெழுத்து அப்படியே இருந்தது

கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறவர்கள், இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இது 41,000 ரூபாய்ப் பாடம்.

என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். பத்து வருடமாக வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக் பாய்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டை மூடிவிட்டு அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டதால், இந்த முறை புறநகரில் ஒரு பெரிய மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காபி மிஷின் எல்லாம் உண்டு. வண்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் நம்மை விட மாட்டார்கள். "சேஃப்டி ரூல் சார்" என்றார்கள். சரி என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் 5,840 ரூபாய்க்கு பில் வந்தது. ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30 ஆயில் மூன்றரை லிட்டர், ஆயில் ஃபில்டர், டிரெயின் வாஷர், இன்ஜின் ஃப்ளஷ், லேபர், வாட்டர் வாஷ். என் வண்டிக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். அரை லிட்டர் கேன் ஒன்று எனக்குத் திரும்ப வந்திருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. வண்டி பளபளவென்று இருந்தது, பணத்தைக் கட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, 2,800 கிலோமீட்டர் ஓடியபின், குடும்பத்தோடு திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். விழுப்புரம் தாண்டியதும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டாஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணம் மாதிரி ஒரு சிவப்பு லைட் எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. பிரேக்கை விட்டால் இல்லை. வயரிங் லூஸாக இருக்கும் என்று நானே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். நான் செய்த பெரிய தப்பு இதுதான். அந்த லைட் ஆயில் அளவைக் காட்டுவதில்லை, ஆயில் பிரஷர் விழுந்ததைக் காட்டுகிறது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சேம்பரில் ஆயில் அடியோடு குறைந்திருந்தால், பிரேக் அடிக்கும்போது இருப்பதும் முன்பக்கம் ஓடிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் முடியைவிட மெல்லிய ஆயில் படலம்தான் இருக்கிறது. அது அறுந்தால் இரும்போடு இரும்பு உரச வேண்டியதுதான். லைட் வந்தால் அந்த நொடியே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். 'டோல்கேட் வரைக்கும்' என்று இழுக்கக் கூடாது. நான் இழுத்தேன்.

உளுந்தூர்பேட்டை வருவதற்குள் பானட்டுக்குள்ளிருந்து தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டக்டக்கென்று சத்தம். நிறுத்திவிட்டேன். ரிக்கவரி வண்டி வந்து பக்கத்து ஷெட்டில் கொண்டுபோய் இறக்கியது.

அங்கிருந்த மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்தார். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. ஜாக்கி போட்டு அடியில் போனவர், "சார், கடைசியா எப்ப ஆயில் மாத்தினீங்க?" என்றார். மூன்று மாதம் முன்னால் என்றேன். "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைச் சுற்றி மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கட்டியாக அப்பியிருந்தது. அதில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஆயில் ஃபில்டரை டார்ச் அடித்துக் காட்டினார். வெள்ளை மார்க்கரில் '71,400' என்று எழுதியிருந்தது, ஃபில்டர் மாட்டியபோது வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு. அப்படி எழுதுகிறவர் எங்கள் பாய் ஒருவர்தான். ஒர்க்‌ஷாப்காரர்கள் 'மாற்றியது' 81,300-ல். போல்ட்டைக் கழற்றினால், தார் மாதிரி ஒரு லிட்டர் சொச்சம்தான் விழுந்தது. பழைய வண்டி, கொஞ்சம் ஆயில் குடிக்கும். அதனால்தான் பாய் அவ்வப்போது டாப்-அப் செய்துவந்தார். இவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

ஹெட்டைத் திறந்ததில் கேம் ஷாஃப்ட் கீறியிருந்தது, பேரிங்கும் தேய்ந்திருந்தது. இன்ஜின் சீஸ் ஆகி இறுகிப்போகாமல் தப்பியதே பெரிய விஷயம் என்றார்கள். கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் செய்தால், "மூணு மாசம் ஆயிடுச்சே சார், நடுவுல வேற எங்கயாவது விட்டீங்களா?" என்றார்கள். ஃபில்டர் ஃபோட்டோவை அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு அடுத்த சர்வீஸ் ஃப்ரீ என்று சொன்னார்கள். இன்னொரு தடவை அவர்களிடம் விடுவேன் என்று எப்படித்தான் நினைத்தார்களோ! நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஆயில், ஃபில்டர் பணம் மட்டும் திரும்பி வந்தது. இன்ஜின் செலவுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், இவ்வளவு சின்னத் தொகை கட்டிய வழக்குக்கு மனுக்கட்டணம் இல்லை. பில்லைத் தூக்கிப்போட்டு விடாதீர்கள்.

இப்போது நான் பக்கத்தில் நின்றுதான் ஆயில் மாற்றுகிறேன். சீல் உடைக்காத கேனை என் கண் முன்னால் திறக்க வேண்டும், பழைய ஃபில்டர் என் கைக்கு வர வேண்டும். 'உள்ளே விடமாட்டோம்' என்றால் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன். மாதம் ஒரு ஞாயிறு, சமதளத்தில் இன்ஜின் ஆறியபின் டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கிறேன். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

அந்த ஃபில்டரை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், சாட்சி அல்லவா! எண்ணெய் கசிந்து துணியெல்லாம் வீணாகிறது என்று வீட்டில் தினமும் திட்டு.